ஆமாம் மடம்

அக்காவை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவர நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாயங்காலம் வரை "இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சுத் திறமை வேண்டாம், கண்ணீர் வேண்டாம், சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார வேண்டாம். அந்த மடத்தின் விதியே அப்படி.

விதியை எனக்குப் போனில் சொன்னவர் மடத்தின் பொறுப்பாளர். வயதான பெண்மணி. உள்ளே இருப்பவர்கள் அவரைக் கேட்பவர் என்றுதான் அழைக்கிறார்கள்.

"உங்க அக்கா எங்ககூட நிரந்தரமா சேரணும்னு கேக்குறாங்க. சேரக் கூடாதுன்னு யார் ரொம்ப நினைக்கிறாங்கன்னு விசாரிச்சோம். உங்களைத்தான் சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கா."

"அப்ப நீங்க வரணும். உங்களுக்கு ஏன் இது பிடிக்கலைங்கறதை அவங்க உங்க முன்னாடி நின்னு சொல்லுவாங்க. நீங்க வாயைத் திறந்து காரணம் சொல்லக் கூடாது. அவங்க சொல்றது உங்க மனசுல இருக்கறதேதான்னா ஆமாம்னு சொல்லுங்க. இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. சாயங்காலம் எங்க சலவைக்கூடத்தை மூடுறதுக்குள்ள ஆமாம் வரலைன்னா உங்ககூடவே அனுப்பி வச்சிடுவோம்."

"நான் பொய்யா இல்லைன்னு சொன்னா?"

"சொல்லலாம்."

"சொல்லலாமா?"

"பொய்யா ஆமாம் சொல்றதுதான் எங்களுக்குத் தப்பு. பொய்யா இல்லை சொல்றவங்க நிறைய பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. அது அவங்க பாடு."

போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய ஓட்டையை விதியிலேயே வைத்துக்கொண்டு ஒரு மடம் எப்படித் தலைமுறை தலைமுறையாக ஓடியது என்று புரியவில்லை. அது அவர்கள் கவலை. என் கவலை வேறு.

அப்பா லாரி ஓட்டியவர். இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கை. தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. யாராவது திருப்பிவிடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அம்மா இல்லாத வீடு. அக்காதான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் போய்க்கொண்டு, பகலெல்லாம் போர்வைக்குள் கிடப்பேன். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் ஆந்தை. திடீரென்று ஒருநாள் அவள் மடத்துக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்து பார்க்கிறேன் என்று கிளம்பினாள். ராத்திரி அப்பாவைத் திருப்ப ஆளில்லை. நான் வேலையை விட்டேன். இப்போது பகல் இரவு இரண்டும் எனக்கு அப்பாதான்.

பக்கத்து வீட்டு மெக்கானிக்கை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் மடத்தின் முழுப்பெயரைச் சொன்னேன். எதிருரைச் சபை. அவருக்குப் பிடிபடவில்லை.

"எது, ஆமாம் மடமா?"

"ஆமாம்."

"இங்கேயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார்.

மடம் என்றால் கோபுரமும் மணியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பழைய ஹாஸ்டல் கட்டடம் போல நீளமாக, மூன்று மாடி. கீழ்த்தளம் முழுக்கச் சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பதுதான் அவர்களின் பிழைப்பு. ஒரு பக்கம் ஆளுயர வாஷிங் மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. மறுபக்கம் டிரையர்கள். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் சூடான துணியும் கலந்த வாசனை. நடுவில் பெரிய காலியிடம். அங்கே இரண்டிரண்டு பேராக, ஆணும் பெண்ணும், எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளுத்துப்போன நீலச்சட்டை. எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கேட்பவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முன்பு எங்கோ கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தாராம். குட்டையான உருவம், வேகமான நடை.

"மேடம், இங்க பூஜை, தியானம் எல்லாம் எங்க நடக்கும்?"

"மேடம் வேணாம். நீங்க பாக்குறதுதான் அது."

"துணி மடிக்கறதா?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். அருகில் ஒரு தாடிக்காரரும் ஒரு பெண்ணும் விரிப்பை இழுத்துப் பிடித்திருந்தார்கள். தாடிக்காரர் சொன்னார்: "சாகப்போறவங்ககிட்ட உண்மையைச் சொல்லாம விடலாம்னு நீ சொல்ற. ஏன்னா, தெரிஞ்சு அவங்க எதையும் மாத்த முடியாது." அந்தப் பெண் "இல்லை" என்றாள். விரிப்பு அப்படியே நின்றது. தாடிக்காரர் யோசித்துவிட்டு மறுபடி சொன்னார்: "தெரிஞ்சுக்கணுமா வேணாமாங்கறதை அவங்ககிட்டயே கேக்காம நாம முடிவு பண்ணக் கூடாதுங்கற. சொல்றதும் கூடாது, சொல்லாம விடுறதும் கூடாது, முதல்ல கேக்கணும்." அவள் "ஆமாம்" என்றாள். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முனையும் முனையும் சேர்ந்தது. விரிப்பு பாதியானது. அடுத்து அவள் முறை.

"ஆமாம் வர்றவரைக்கும் மடிக்கக் கூடாது," என்றார் கேட்பவர். "அதுதான் எங்க ஒரே விரதம். எதிர்ல இருக்கறவர் பேச்சு உன் வாய்ல முழுசா வராத வரைக்கும் உன் பேச்சுக்கு இடமில்லை."

"சாப்பாட்டு நேரத்துல உப்பு வேணும்னா என்ன பண்ணுவீங்க?"

"கேட்டு வாங்கிக்குவோம். புதுசா வந்த ஒருத்தர் அதுக்கும் விரதத்தைப் பிடிச்சார். எதிர்ல இருந்தவர்கிட்ட இருந்து கடைசி வரைக்கும் ஆமாம் வரல. உப்பில்லாமலே சாப்பிட்டார்."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. அது நல்லதில்லை என்று பட்டது. யாரையும் பிடித்துப்போவதற்காக நான் வரவில்லை.

"இதுல என்ன தத்துவம் இருக்கு? மரியாதையா பேசிக்கணும்னு ஸ்கூல்லயே சொல்லித் தராங்க."

"மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எங்கள்ல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி சொல்லுது, உங்க கருத்து உங்களுக்குள்ள முன்னாடியே இருக்கு, எதிராளி அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். இன்னொரு கட்சி சொல்லுது, உள்ள ஒண்ணுமே கிடையாது. வெறும் எரிச்சல், வெறும் பசி. எதிராளி சரியான வாக்கியத்தைச் சொல்லி நீங்க ஆமாம்னு சொல்ற அந்த நேரத்துலதான் அது கருத்தாவே ஆகுது. அதுக்கு முன்னாடி கிடையாது. இந்தச் சண்டை சபை ஆரம்பிச்ச நாள்ல இருந்து நடக்குது."

"நீங்க எந்தக் கட்சி?"

"விதிப்படி, நாம நம்பாத கட்சிக்காகத்தான் பாடம் எடுக்கணும். இவ்வளவு காலம் எடுத்ததுல எதை நம்பினேன்னு மறந்துபோச்சு." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அக்கா டிரையர் பக்கத்திலிருந்து வந்தாள். கையில் ஒரு வெள்ளை விரிப்பு. கொஞ்சம் இளைத்திருந்தாள். விரல்களில் சோப்புப் பட்டு வெடித்திருந்தது. நலம் விசாரிக்கவில்லை. இரண்டு முனைகளை என் கையில் திணித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று இழுத்தாள்.

"நல்லா பிடிடா. தரையில பட்டா மறுபடி துவைக்கணும்."

"உனக்காக நான் பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்."

"உக்கார இடம் கிடைச்சா நீ தூங்கி ஸ்டாப்பை விட்டிருப்ப."

கேட்பவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிக்கலாம். தம்பி, ஆமாம், இல்லை. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். நிறைய தயார் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. "நான் நீயா நின்னு சொல்றேன். வீட்டுப் பொண்ணு மடத்துல சேர்ந்தா தெருவே சிரிக்கும். வீட்டுல ஏதோ சரியில்ல, அதான் ஓடிட்டான்னு பேசுவாங்க. அந்த அவமானம் எனக்கு."

"இல்லை," என்றேன். "தெரு சிரிச்சா நானும் சேர்ந்து..."

"காரணம் கூடாது," என்றார் கேட்பவர்.

அக்கா விரிப்பை உதறி மறுபடி இழுத்துப் பிடித்தாள். இல்லை என்றால் உதற வேண்டும் போல.

"இந்த மடம் ஏமாத்து வேலை. தத்துவம் பேசித் துணி துவைக்க ஆள் பிடிக்கிறாங்க. என் அக்கா ஏமாந்த சோணகிரி, அவளுக்குத் தெரியல, நான்தான் காப்பாத்தணும்."

காலையில் கேட்டிருந்தால் இதற்கு யோசித்திருப்பேன். "இல்லை," என்றேன். பக்கத்துத் தாடிக்காரர், "அதுல பாதி சரிதானே," என்று முணுமுணுத்தார். அவருடைய ஜோடி அவரை முறைத்தாள்.

அப்புறம் அக்கா இன்னும் சிலவற்றைச் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று நான் நினைப்பதாக. அம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள் என்று நான் நினைப்பதாக. எல்லாம் சினிமா அண்ணன் தம்பிகள் பேசுகிற பேச்சு. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இப்படியே போனால் வேலை சுலபம். கைகள் மட்டும் வலித்தன. அந்த வெள்ளைத் துணிக்கு ஒரு எடையும் இல்லை. ஆனால் மடிக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கும்போது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சுற்றிலும் மற்றவர்களின் மடித்த அடுக்குகள் ஏறிக்கொண்டே போயின.

அக்கா பெருமூச்சு விட்டாள். அடுத்து வருவது அப்பா விஷயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குத்தான் நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பாவை என்னால தனியா பார்த்துக்க முடியல. தூக்குறப்ப என் முதுகு விட்டுப்போகுது. ராத்திரி தூக்கமில்ல. வேலையும் போச்சு. இத்தனை வருஷம் அக்கா பண்ணின வேலைய அக்காவே வந்து பண்ணட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"இல்லை," என்றேன், உடனே.

சொன்ன பிறகுதான் திடுக்கென்றது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லி முடித்த பிறகு அது பொய் மாதிரி இல்லை. முதுகு வலிப்பது நிஜம், தூக்கம் போனது நிஜம். இத்தனை நாள் அதுதான் காரணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அக்கா அதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னதும், யாரோ இன்னொருவனின் சட்டையை எனக்குப் போட்டுவிட்ட மாதிரி, தோளில் உட்காரவில்லை.

அப்படியென்றால் என் காரணம் என்ன?

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே நின்றுகொண்டு, அக்கா அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒரு பக்கம் நினைத்தேன். அவள் கண்டுபிடித்தால் தேவலை என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். கண்டுபிடித்தாலும் இல்லை என்று சொல்லிவிடலாம், அதற்கு அனுமதி இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"நிஜமாவே இல்லையாடா?" என்றாள்.

"கேள்வி கேக்கக் கூடாது," என்றார் கேட்பவர்.

நேரம் போனது. டிரையர் ஒன்று சுற்றி முடித்து நின்றது. யாரோ வந்து அதைத் திறந்து சூடான துணிகளை வாரிக்கொண்டு போனார்கள். அக்கா கீழுதட்டைக் கடித்தபடி எங்கேயோ பார்த்தாள். பிறகு, தயார் செய்யாத குரலில், கொஞ்சம் கோபமாகவே ஆரம்பித்தாள்.

"கட்டிலுக்கு அடியில ஒரு பை வாங்கி வச்சிருந்தேன். சக்கரம் வச்சது. விலை டேக்கைக்கூடக் கிழிக்கல. அக்கா வீட்டைப் பெருக்குறப்ப ஒவ்வொரு நாளும் அதை நகர்த்திட்டுப் பெருக்குவா, ஒரு வார்த்தை கேட்டதில்ல. என்னைக்காவது ஒருநாள் கிளம்பிடுவேன். எங்கன்னு தெரியாது. அக்கா இருக்கா, அப்பாவைப் பார்த்துக்குவா, நான் போகலாம். போகாம இருந்தாலும் பரவாயில்ல, போக முடியும்ங்கறதே போதும். பகல் முழுக்க அதை நினைச்சுக்கிட்டே படுத்துக் கிடப்பேன். திடீர்னு ஒருநாள் அவ ஒரு துணிப்பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. நான் போக வேண்டிய இடத்தை அவ எடுத்துக்கிட்டா. அப்பாவைப் பார்த்துக்கறது கஷ்டமில்ல. அவ முந்திக்கிட்டாளே, அதைத்தான் பொறுக்க முடியல."

"ஆமாம்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. மூச்சை இழுத்து அதைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் கை என் கையில் பட்டது. முனைகள் சேர்ந்தன.

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"சொல்லியாச்சு," என்றார் கேட்பவர். ஸ்டூலிலிருந்து எழுந்து அக்காவின் தோளில் லேசாகத் தட்டினார். அவ்வளவுதான் சடங்கு. அக்கா உறுப்பினராகிவிட்டாள். மாலை இல்லை, மந்திரம் இல்லை. தாடிக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்து, "இனிமே பாத்திரம் தேய்க்கிற முறையில உன் பேரும் வரும்," என்றார்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தாங்க முடியவில்லை. பார்சல் கிடங்கில்கூட இதைவிடக் கஷ்டமான வேலை செய்திருக்கிறேன்.

"நீங்க கிளம்பலாம்," என்றார் கேட்பவர். "வேணும்னா உங்க முறையை எடுத்துக்கலாம். அவங்க ஏன் வந்தாங்கன்னு நீங்க சொல்லலாம். கட்டாயம் இல்லை. முக்கால்வாசிப் பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்பதால்தானோ என்னவோ, நின்றேன். அவள் ஏன் போனாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. எனக்கு எதிராகத்தான் போனாள் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இன்னொரு விரிப்பை எடுத்து வந்தாள். இழுத்துப் பிடித்தோம். இந்த முறை நான் அவளாக நின்று ஆரம்பித்தேன்.

"அப்பாகிட்ட இருந்து தப்பிச்சாப் போதும்னு வந்துட்டேன்."

"இல்லை."

"சாமியைத் தேடி வந்தேன்."

"இல்லை. இங்க சாமியே கிடையாதுடா."

"காரணம் கூடாது," என்றார் கேட்பவர். இந்த முறை அக்காவைப் பார்த்து.

"தூங்கு மூஞ்சித் தம்பிக்குச் சோறு போட்டு அலுத்துப் போச்சு."

"இல்லை," என்று சொல்லிக் கொஞ்சம் யோசித்து, "இல்லை," என்றாள் மறுபடியும்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். படிக்காமல் விட்ட படிப்பு, போகாமல் விட்ட வேலை, யாரோ ஒரு ஆள், ஆளே இல்லாதது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னிடம் இருந்த வாக்கியங்கள் இவ்வளவுதான். கடைசியில் எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன சொன்னாலும் இல்லைங்கற. உனக்கு வேற ஒண்ணும் வேணாம். எவனாவது எதிர்ல நின்னு, கை வலிக்க வலிக்க, இவ மனசுல என்னதான் இருக்குன்னு மண்டைய உடைச்சுக்கணும். அதுக்காகத்தான் வந்திருக்க."

விரிப்பு எங்கள் நடுவில் தொய்ந்தது. அவள் கண் கலங்கியது என்று எழுத எனக்கு ஆசை இல்லை, கலங்கவும் இல்லை. அவள் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் மட்டும் வந்தது.

"கிட்ட வந்துட்ட," என்றாள்.

கேட்பவர் ஸ்டூலில் நிமிர்ந்தார். சுற்றியிருந்த ஜோடிகள் மடிப்பதை நிறுத்தித் திரும்பினார்கள்.

"கிட்டன்னு இங்க ஒண்ணும் கிடையாது," என்றார் கேட்பவர். "ஆமாம் இருக்கு, இல்லை இருக்கு. துப்பு கொடுத்தா அவர் தேட மாட்டார், நீ காட்டின பக்கமா நடந்து வந்துடுவார். அப்ப வர்ற ஆமாம் யாரோடது?"

"தெரியாம வாய்ல வந்துடுச்சு," என்றாள் அக்கா.

"சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகல," என்றார் தாடிக்காரர், மிகுந்த திருப்தியோடு.

இன்றைய முறை ரத்து என்று கேட்பவர் அறிவித்தார். பாதியில் நின்ற விரிப்பை மடிக்கக் கூடாதாம். சுத்தமான துணியை மறுபடி வாஷிங் மெஷினில் போட்டார்கள். அக்காவுக்குத் தண்டனை, டிரையர் வலைகளில் சேர்ந்த பஞ்சை எல்லாம் கையால் எடுப்பது. நான் வேண்டுமானால் இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வாசல் வரை அக்கா வந்தாள். தலைமுடியில் அதற்குள் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அப்பாவைத் திருப்புறப்ப முட்டிக்கு நடுவுல தலையணை வைக்கிறியா?"

"வைக்கிறேன்."

"சும்மா சொல்லாத."

"இனிமே வைக்கிறேன்."

"பைய எடுத்துக்கிட்டு நீயும் எங்கயாவது போயேன். அப்பாவைப் பார்த்துக்க ஆள் வச்சிக்கலாம். மெக்கானிக்கோட மச்சினன் சும்மாத்தான இருக்கான்."

"நீ சொல்லி நான் போகணுமா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் கிளம்பிப் போனார். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வர்றாளா?"

"இல்ல. சேர்ந்துட்டா."

"நீ போய் என்னத்தக் கிழிச்ச?"

"வர்ற வாரம் மறுபடி போறேன்."

"சேர்ந்துட்டாங்கற, அப்புறம் எதுக்குப் போற?"

விஷயத்தைச் சொன்னேன். விரிப்பு, முனைகள், ஆமாம், இல்லை. லாரி கிளீனர் கதை சொன்னால் கேட்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"அவ ஏன் போனான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "ஒரு வேளை சாப்பாட்டைக்கூட நான் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அதான்."

"அது உங்க மனசுல இருக்கறது. அவ மனசுல இருக்கறது இல்ல."

"பெரிய மேதாவி ஆயிட்ட."

சுவர்ப் பக்கமாக அவரைத் திருப்பினேன். முட்டிக்கு நடுவில் தலையணை வைத்தேன். அவர் காலைக் கொஞ்சம் தளர்த்தினார். முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, சும்மா ஒரு ஆர்வத்தில்தான், சொல்லிப் பார்த்தேன்.

"அவ திரும்பி வந்துட்டா நான் போயிடுவேன்னு உங்களுக்குப் பயம். அதனால அவ வராததுல உங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்."

"இல்லை."

"நான் தூக்குறது உங்களுக்கு வலிக்குது. அவ கைதான் பழக்கம். அதைச் சொன்னா நான் கோவிச்சுக்குவேன்."

"இல்லை."

"இந்த வீட்டுல யார் இருந்தாலும் போனாலும் உங்களுக்கு ஒண்ணுதான். படுத்துக் கிடக்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

பவுடர் டப்பாவை மூடிவிட்டு விளக்கைப் போட எழுந்தேன்.

"இல்லை," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "உக்காரு. இன்னொரு தடவை சொல்லிப் பாரு."